முதல்லே சாப்பிடு



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியவர் ஓர் இளம் தாய். குழந்தைக்கு மூன்று மாதமாம். "அக்கா, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அழுகைதான் வருகிறது. விசுவாசம் இருக்கிறவளுக்கு இப்படி வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்டது வேதாரண்யத்துக்கு. 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று தஞ்சைச் சீமையில் சொல்வார்களே, அதே ஊர்தான். அப்படி விளக்குக்குப் பேர் போன ஊரில் 2018-ம் வருஷம் நாங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம்.

நவம்பர் 15-ம் தேதி ராத்திரி. விடிந்தால் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் வேகம் யாருக்குத் தெரியும்? ஓடு பறக்கிற சத்தமும், தென்னை முறிகிற சத்தமும்தான் தெரிந்தது. பெரிய பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு அன்று 22 நாள். குழந்தையை நெல் குதிருக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

விடிந்து கொல்லைப் பக்கம் போனால், போன இடம் எங்கள் கொல்லைதானா என்று சந்தேகமாகிவிட்டது. 42 தென்னையில் 38 படுத்துவிட்டன. மாமனார் கையால் வைத்த மாமரம் வேரோடு கிடந்தது. அகஸ்தியன்பள்ளிப் பக்கம் உப்பளங்களெல்லாம் சேறு மூடிப் போயிற்று என்றார்கள். ஒரு தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறு ஏழு வருஷம் ஆகும். என் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தவர்தான், இரண்டு நாள் பேசவில்லை.

சகோதரிகளே, சிறுபிள்ளையிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவள் நான். அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை. நனைந்து ஒட்டிப் போன வேதாகமத்தை வெயிலில் காயப் போட்டேனே தவிர, கையில் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் தனியாக நின்றபோது, வரக்கூடாத ஓர் எண்ணம்கூட வந்து போனது. இதை இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலியைத் தாண்டி வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி பூசுகிற சிவபக்தை. அவர்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது. விழுந்த மரத்தின் மட்டையை எரித்து, கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"சாப்டியாடி?"

"வேண்டாம் பெரியம்மா. எனக்கு ஒண்ணும் பிடிக்கலே. சாமி மேலேயே வெறுத்துப் போச்சு."

"சாமிகிட்டே கோவிச்சுக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்லே சாப்பிடு. நீ படுத்துட்டா அந்தப் பச்சைப் பிள்ளைக்காரிக்கு யாரு பத்தியம் பாக்கிறது?"

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டேன். மூன்று நாளில் அதுதான் முதல் தூக்கம். பேரனைப் பெரியம்மா மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விழித்தபோது சாயங்காலம். ஞாயிறு பள்ளியில் சின்ன வயசில் கேட்ட எலியா தீர்க்கதரிசியின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. முதலாம் இராஜாக்கள் புத்தகம், 19-ம் அதிகாரம். பெரிய காரியமெல்லாம் செய்த மனிதர் எலியா. ராணி கொல்லத் தேடுகிறாள் என்றதும் வனாந்தரத்துக்கு ஓடிப் போய், ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், செத்துப் போகிறேன் என்று கடவுளிடமே கேட்டார்.

கடவுள் என்ன செய்தார்? புத்தி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று அதட்டவில்லை. அவரைத் தூங்கவிட்டார். பிறகு ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். பார்த்தால் தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர்! எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்கப்புறம்தான் பயணம். எங்கள் தமிழ் வேதாகமத்தில் 'அடை' என்ற வார்த்தையே இருக்கிறது. எத்தனை தடவை படித்திருப்பேன்! பெரியம்மாவின் அடையைச் சாப்பிட்ட அன்றுதான் அது எனக்கு விளங்கிற்று.

அந்தக் கதையின் மீதியும் இங்கே சொல்ல வேண்டியதுதான். எலியா மலைக்குப் போகிறார். பாறையை உடைக்கிற பெருங்காற்று வருகிறது. கடவுள் அந்தக் காற்றில் இல்லை. நிலநடுக்கம் வருகிறது, நெருப்பு வருகிறது. அவற்றிலும் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய குரல். அந்தக் குரல், அவர் செய்ய வேண்டிய அடுத்த வேலையைச் சொன்னது. நீ ஒருத்தன் மட்டும் இல்லை, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னது.

கஜா வந்தபோது, ஏதோ பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று சொன்னவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். எங்களுக்கு வடக்கே வேளாங்கண்ணி இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை, மாதாவின் காவல் என்று நன்றி சொன்னவர்கள் உண்டு. அவர்கள் நன்றியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் மாதாவை நம்பித்தானே வந்தாள்? அவளிடம் போய், "உனக்கு விசுவாசம் குறைச்சல்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கடவுள் அந்த அலையில் இல்லை. அவளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றின கையில் இருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இது புதுசல்ல. நம் காவிரிச் சீமையில் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். கிறிஸ்தவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, தம் சொத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார். எங்கள் பெரியம்மாவின் விபூதிக் கையும் அவர் கையும் செய்தது ஒரே வேலைதானே!

கடிதம் எழுதிய தங்கைக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று நீங்கள் நினைக்கவே வேண்டாம். சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டு இருக்கிறது. அதில் பல அழுகையும் முறையீடும்தான். அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தான். வார்த்தை வரும்போது வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் படுங்கள். பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும். அம்மாவோ, நாத்தனாரோ, அடுத்த வீட்டுக்காரரோ, ஒருவரிடமாவது "எனக்கு முடியலே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள் அழுகை வருவது சகஜம். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் துக்கம் போகவில்லை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கமில்லை, குழந்தையைப் பார்த்தால் ஒட்டுதல் வரவில்லை என்றால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இனி தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். எனக்குக் கிணற்றடியில் வந்த மாதிரி எண்ணம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசில்லை. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. எலியாவுக்கு அடை வந்த வழியில் உங்களுக்கு மருந்து வரக்கூடாதா?

வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவள் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் வசனம் சொல்லுமுன் சோறு போடுங்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்ப் படும்மா" என்று சொல்லுங்கள்.

எங்கள் கொல்லையில் மறுவருஷமே கன்று வைத்தோம். சிலது பட்டுப்போயிற்று. மற்றவை என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. அன்று 22 நாள் பிள்ளையாக இருந்தவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வேதாகமத்தில் சில பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரிக்கப் பார்த்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.

தங்கையே, டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.