25 நாள்களில் 1-5 எப்படி 3-0 ஆனது?

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியில் மலேசியாவுக்கு அது முதல் ஆட்டம். முதல் கோலை அடித்ததே மலேசியாதான். ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்களோ வேறு: இந்தோனேசியா 5, மலேசியா 1.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம். அதே இரண்டு அணிகள், இம்முறை இறுதியாட்டத்தின் முதல் சுற்று. மலேசியா 3, இந்தோனேசியா 0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் சுற்றில் மலேசியா 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. 1996இல் தொடங்கிய அந்தப் போட்டியில் மலேசியா வென்ற முதல் கிண்ணம் அது. டிசம்பர் 31ஆம் தேதியைப் பொது விடுமுறையாகவே அறிவித்தார் அன்றைய பிரதமர் நஜிப். இன்று படிவம் ஐந்தில் இருப்பவர்களுக்கு அப்போது நடை பழகும் வயது. வீட்டில் அண்ணனையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள், அந்த இரவு எந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதுவரை சொல்வார்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூன் 10ஆம் தேதி, அதே புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதியாட்டத்தில் மலேசியா வியட்நாமை 4-0 என வென்றது. நாடே துள்ளியது. செப்டம்பரில் ஃபிஃபா குண்டைப் போட்டது: அந்த அணியில் ஆடிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தகுதி ஆவணங்கள் போலியானவை என்று கூறி, எழுவரையும் 12 மாதங்களுக்குத் தடை செய்தது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். தாத்தா, பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டியிருந்தார்கள். மூலப் பதிவுகளில் அவர்கள் பிறந்த இடம் வேறு நாடுகளில் இருந்ததாக ஃபிஃபா சொன்னது. தொழில்நுட்பத் தவறு என்று விளக்கம் தந்த சங்கம் மேல்முறையீடு செய்தது. நவம்பரில் அதுவும் தள்ளுபடியாகி, விவகாரம் அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது.

ஓர் அணியின் தரம் எப்படி உயர்கிறது என்ற கேள்விக்கு இந்த நாட்டிலேயே இரண்டு விடைகள் கிடைத்துவிட்டன. 2010இன் விடையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல்களை விட்ட அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களில் விட்டது ஒன்றே ஒன்று. தாய்லாந்துடன் 0-0. லாவோசை 5-1 என வென்றது. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமை இங்கே 2-0 என வென்று, ஹனோயில் 0-0 எனத் தாக்குப்பிடித்தது. பிறகு அந்த 3-0. கோல்களை அடித்த சஃபி சாலியின் பெயரைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தப்பில்லை, ஐந்து கோல்களுடன் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். ஆனால் கணக்கைப் பார்த்தால் மாறியது பின்வரிசைதான். தாய்லாந்து ஆட்டத்திலிருந்து கோல் காவலராக நின்றவர் 21 வயது கைருல் ஃபாமி. நடுத் தற்காப்பில் ஃபட்லி ஷாஸ், வயது 19. இன்று கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் ஒருவரின் வயது.

பத்தொன்பது வயதுப் பையனை வைத்துக்கொண்டு எந்தத் துணிச்சலில் இறுதியாட்டத்துக்குப் போனார் பயிற்றுநர் கே. ராஜகோபால்? துணிச்சல் மட்டும் இல்லை, அவருக்கு அந்தப் பையன்களைத் தெரியும். 2009 டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையிலான 23 வயதுக்குட்பட்ட அணி தங்கம் வென்றது. 1989க்குப் பிறகு காற்பந்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அங்கேயும் இதே கதைதான் நடந்தது: பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்று, இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வென்றார்கள். அந்த ஒரு கோலும் வியட்நாம் ஆட்டக்காரர் தன் வலைக்குள்ளேயே அடித்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை, தன்னை வீழ்த்திய அணியையே இறுதியில் வீழ்த்துவதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோல்வியைப் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளத் தெரிந்த அணி அது.

அதற்கும் அடியில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஹரிமாவ் மூடா என்ற பெயரில் தேசிய இளையோர் அணியை ஒரு கிளப் போலவே லீக் போட்டியில் இறக்கினார்கள். 2009இல் பிரிமியர் லீக் கிண்ணத்தையே அந்த அணி வென்றது. ஸ்லோவாக்கியாவுக்கும் அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். மாநில அணிகளில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில், வாரந்தோறும் 90 நிமிடம் ஒன்றாக ஆடிய இளைஞர்கள் அவர்கள். நடுத் தற்காப்பில் நிற்பவருக்கு வேகத்தைவிடப் பக்கத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று தெரிந்திருப்பது முக்கியம். மூன்று நாள் முகாமில் அது வராது.

எதிரணியையும் கவனியுங்கள். அன்றைய இந்தோனேசிய அணியில் உருகுவேயில் பிறந்து குடியுரிமை பெற்ற கிறிஸ்டியான் கொன்சாலெஸ் இருந்தார், நெதர்லாந்தில் பிறந்த இர்ஃபான் பாக்டிம் இருந்தார். 5-1 ஆட்டத்தில் இருவருமே கோல் அடித்தார்கள். சட்டப்படி, உண்மையான வம்சாவளியோடு வருகிறவரைச் சேர்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அதுவே போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல். புக்கிட் ஜாலிலில் ரசிகர்கள் சிலர் லேசர் ஒளி அடித்ததால் இந்தோனேசியர்கள் ஆட்டத்தை நிறுத்தி வெளியேறியதையும் மறைக்க வேண்டாம். நம் பக்கத்து அசிங்கம் அது.

2010 அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி என்று இரண்டு தமிழ்ப் பெயர்கள் இருந்தன. குணாளன் அப்போது பக்கவாட்டில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரர். 2014இல் ஜோகூர் டாருல் தக்ஸிம் அணிக்குப் போன பிறகு வலது தற்காப்புக்கு மாறினார். முன்னே ஓடிப் பழகியவர், இருபதுகளின் பிற்பகுதியில் பின்னே நின்று ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் தற்காப்பில் ஆடிய எம். சந்திரன், கோல் காவலர் ஆர். ஆறுமுகம் என நீண்ட ஒரு வரிசையில் வந்தவர் அவர். அந்த வரிசை இப்போது ஏன் மெலிந்துவிட்டது என்று கேட்டால், எனக்குத் தோன்றும் முதல் பதில் திடல். பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டமென்றால் லயன் வீடு, கோயில், பள்ளி, ஒரு திடல். தோட்டங்கள் போனபோது கோயிலையும் பள்ளியையும் காப்பாற்றப் போராடினோம். திடலுக்காகப் போராடியவர்கள் குறைவு. இன்று மணிக்கணக்கில் வாடகை கட்டி ஃபுட்சால் ஆடும் பிள்ளைகள் கால் நுணுக்கம் கற்கிறார்கள். பெரிய திடலில் நெடுந்தூரத்திலிருந்து வரும் பந்தின் போக்கைக் கணிக்க அங்கே இடமில்லை.

ஹரிமாவ் மூடா திட்டம் 2015 நவம்பரில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய அணி ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10 எனத் தோற்றிருந்தது. 2018இல் காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே தேசிய அணியில் ஆடத் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 2025க்கு வந்து சேர்ந்த பாதை அது. தடைக்காலம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், 2010இல் ஃபட்லி ஷாஸுக்குக் கிடைத்ததைப் போல வாரம் 90 நிமிடம் இன்றைய 19 வயது தற்காப்பு ஆட்டக்காரருக்கு எந்த லீக்கில், எந்த அணியில் கிடைக்கிறது என்பதற்குச் சங்கம் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.