வேண்டாம் என்று சொன்ன ஊர்

1975-இல் கனடாவின் வடகோடியில், ஒரு சிறு தீவில் இருக்கும் இக்லூலிக் என்ற இனூயிட் பழங்குடியினரின் ஊர் கூடி வாக்களித்தது. தொலைக்காட்சி வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. அனிக் செயற்கைக்கோள் 1972-இலேயே ஏவப்பட்டுவிட்டது. தெற்கின் நிகழ்ச்சிகளை வடக்கின் ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுசேர்த்துவிட வேண்டும் என்று அரசு துடித்தது. மற்ற ஊர்கள் பலவும் வாங்கிக்கொண்டன. இக்லூலிக் வேண்டாம் என்றது. 1979-இல் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதே பதில். அந்தப் பெட்டியில் தங்கள் இனுக்டிடூட் மொழி ஒலிக்காது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

முன்னேற்றத்தைக் கண்டு மிரண்டவர்களின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. துப்பாக்கியும் பனியில் ஓடும் மோட்டார் வண்டியும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. எந்தக் கருவி யாருடைய குரலைச் சுமந்து வருகிறது என்று நின்று நிதானித்துக் கேட்ட ஊர் அது. சூழலியலையும் தொழில்நுட்பத்தையும் பழங்குடிப் பண்பாட்டையும் ஒன்றாகப் பேசும் கலைப்படங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவதொரு படத்திலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வாக்கெடுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஊரில் மாக்கல் சிற்பம் செதுக்கிக்கொண்டிருந்தவர் ஸக்காரியாஸ் குனுக். 1957-இல் வேட்டை முகாமில் பிறந்தவர். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்காக ஊருக்குள் கொண்டுவரப்பட்டவர். 1981-இல் தன் சிற்பங்களை எடுத்துக்கொண்டு மாண்ட்ரியல் போனார். விற்ற பணத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கித் திரும்பினார். பார்ப்பதற்குத் தொலைக்காட்சி இல்லாத ஊருக்குள் படம் எடுக்கும் கருவி முதலில் வந்து சேர்ந்தது.

இனூயிட் மக்களின் முன் கேமரா நின்றது அதுவே முதல் முறை இல்லை. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்து 1922-இல் வெளியான 'நனூக் ஆஃப் த நார்த்' உலகையே ஆட்கொண்ட படம். ரோமத்தோல் வணிகம் செய்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் அதற்குப் பணம் போட்டது. நாயகனின் உண்மைப் பெயர் அல்லக்கரியல்லக். துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்த காலத்தில் அவரை ஈட்டியோடு வேட்டையாடச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சம் போதாது என்று பனிவீட்டைப் பாதியாகத் திறந்துவைத்து, அதில் குடும்பத்தைப் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள். கிராமபோன் தட்டைப் புதுமை கண்ட குழந்தைபோல் அவர் கடித்துப் பார்க்கும் காட்சியும் உண்டு. அதே படத்தில் பிலிமைக் கழுவியவர்கள், கேமராவைப் பழுதுபார்த்தவர்கள் இனூயிட்கள்தாம். இயந்திரம் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டே இயந்திரம் அறியாதவர்களாக அவர்களைக் காட்டிய படம் அது. எனக்கு அந்தத் தட்டுக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்துக் குனுக் அந்தக் கணக்கைத் தன் வழியில் நேர்செய்தார். நார்மன் கோன் என்ற வீடியோ கலைஞர், எழுத்தாளர் பால் அப்பாக், மூத்தவர் பாலூசி குலிடாலிக் ஆகியோருடன் சேர்ந்து 1990-இல் இசுமா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இசுமா என்றால் சிந்தனை. முகாம் வாழ்க்கையை நேரில் அறிந்த முதியவர்கள் பலர் உயிரோடு இருந்த காலம் அது. 1993-இல் எடுத்த 'சபுட்டி' ஆற்றுக்குக் குறுக்கே கல் அடுக்கி மீன் பிடிக்கும் முறையைப் பற்றியது. 'நுனாவுட்' என்ற 13 பகுதித் தொடர் 1940களின் வாழ்க்கையை மீட்டெடுத்தது. எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. காலமும் இடமும் சொல்லிவிட்டால் போதும், தெரிந்தவர்கள் தெரிந்ததைச் செய்வார்கள். கேமரா அவர்களோடு குந்தியிருக்கும். அந்தத் தொடர் 2002-இல் காசெல் நகரின் டாக்குமெண்டா கலைக்காட்சியில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு குனுக்கின் 'அட்டனார்ஜுவட்' கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமராவை வென்றது. முழுக்க இனுக்டிடூட்டில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் அது. கானுக்குப் போகும் முன்பே அதை இக்லூலிக் மக்கள் பார்த்துவிட்டார்கள். முதல் பார்வையாளர் யார் என்பதில் இசுமாவுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

2010-இல் இயன் மாரோ என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, பருவநிலை மாற்றம் பற்றி முதியவர்களைப் பேசவைத்து ஒரு படம் செய்தார் குனுக். ஊர் ஊராக முதியவர்கள் ஒன்றையே சொன்னார்கள்: சூரியன் முன்பு மறைந்த இடத்தில் இப்போது மறைவதில்லை, பூமி சாய்ந்துவிட்டது. அச்சு அப்படியெல்லாம் சாயவில்லை என்று அறிவியலாளர்கள் மறுத்தார்கள். ஆனால் பார்த்தவர்களின் கண் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த தரைக்கு மேலே வெதுவெதுப்பான காற்று படியும்போது ஒளி வளைகிறது. சூரியன் இடம் மாறித் தெரிகிறது. காற்றின் வெப்பம் மாறியதைத்தான் தொடுவானத்தில் அவர்கள் படித்திருந்தார்கள். விளக்கம் பிழை, அவதானிப்பு சரி. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் பொறுமை ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டும். முதியவர் பேசி முடிக்கும்வரை நகராமல் நின்ற கேமராவுக்கு அது இருந்தது.

2019-இல் வெனிஸ் கலைக்காட்சியின் கனடா அரங்கில் இசுமா இடம்பெற்றது. அங்கே காட்டிய படத்தின் கதை நடப்பது 1961-இல். நோவா பியுகட்டுக் என்ற முதியவர் நாய் பூட்டிய வண்டியில் வேட்டைக்குக் கிளம்பிப் போகிறார். வழியில் பனிப்பரப்பில் ஓர் அரசு அதிகாரி மறிக்கிறார். முகாமைக் கலைத்துவிட்டு ஊருக்கு வா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு என்கிறார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். படத்தின் பெரும்பகுதி தேநீரோடு நடக்கும் இந்தப் பேச்சுதான். அதிகாரி சொல்வது ஒன்று, பெயர்த்துச் சொல்லப்படுவது இன்னொன்று. இருபுறமும் சற்றே மழுங்கிப்போய்ச் சேரும் சொற்களை நாம் மட்டும் முழுதாகக் கேட்கிறோம். பியுகட்டுக் கோபப்படவில்லை. வேண்டாம் என்கிறார். மறுபடி கேட்கிறார்கள். மறுபடியும் வேண்டாம். அந்த ஆண்டு குனுக்குக்கு நான்கு வயது. ஐந்து ஆண்டுகளில் அவரே ஊருக்குக் கொண்டுவரப்பட்டார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தேநீர்க் கோப்பைகள் கண்ணில் நிற்கும்.

இக்லூலிக் பிறகு தொலைக்காட்சியை ஏற்றுக்கொண்டது, இனூயிட்களின் சொந்த ஒளிபரப்பு 1980களின் தொடக்கத்தில் வந்த பிறகு. 2021-இல் உவாகுட் என்ற முழுநேர இனூயிட் மொழி அலைவரிசையையும் குனுக்கின் கூட்டத்தார் தொடங்கினார்கள். இடையில் இசுமா கடனில் மூழ்கிய ஆண்டுகளும் உண்டு.

பாஃபின் தீவின் மேரி நதியில் இரும்புச் சுரங்கம் வரப்போகிறது என்றபோது, 2012-இல் விசாரணை வாரியத்தின் முன் குனுக் சாட்சி சொல்லப் போனார். ஆங்கிலத்தில் மலைபோல் குவிந்த அறிக்கைகளுக்கு எதிரே இனுக்டிடூட்டில் பதிவான குரல்களும் படங்களும். சுரங்கம் வந்தது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் தாதுவை 120 லட்சமாக உயர்த்தச் சுரங்க நிறுவனம் கேட்டபோது, 2022 மே மாதம் வாரியம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நவம்பரில் அமைச்சர் அதை ஏற்றார். பழைய அளவில் தாது ஏற்றிய கப்பல்கள் ஒவ்வொரு கோடையிலும் மில்ன் குடாவைக் கடந்துகொண்டிருக்கின்றன. அதே நீரில்தான் நார்வால் திமிங்கிலங்கள் தம் ஒலியின் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.