கொருக்குப்பேட்டையின் அறுவடை

பள்ளிக் கட்டுரை ஏடுகளில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறுவது ‘பொங்கல் திருநாள்’. கொருக்குப்பேட்டையில் படித்த நாங்களும் ஏரையும் எருதையும் செந்நெற் கதிரையும் மனனம் செய்தே எழுதினோம். எங்கள் கண்முன் இருந்தவையோ கூடூர் செல்லும் இருப்புப்பாதை, சரக்கு ரயில்கள், லேத்துப் பட்டறைகள், மீன்பாடி வண்டிகள்.

எங்கள் தெருக்களின் உழைப்புத் திருநாள் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் ஆயுத பூஜை. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிய இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு; வண்டிகளுக்கு வாழைக்கன்று; வீடுதோறும் பொரிகடலைப் பொட்டலம். பாடப்புத்தகங்களும் பூசையில் அடுக்கப்படுவதால் அன்று படிக்க வேண்டியதில்லை என்ற பேரின்பம் வேறு!

காவிரிப் படுகையில் குறுவை நெல் அறுவடையாவதும் ஏறத்தாழ இப்பருவத்தில்தான். சிற்றூர்களில் கலப்பையும் அரிவாளும் அன்று பொட்டுப் பெறுகின்றன. பட்டறையில் பகிரப்படும் பொரியும் நெல்லின் பிள்ளையே. வயலுக்கும் பட்டறைக்கும் பகையில்லை.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். அதைக் கற்பிக்கும் நாம், மாணவனை மட்டும் அவன் நிலத்தை மறந்து எழுதச் சொல்வது முறையா? பொங்கல் கட்டுரை வேண்டாம் என்பதல்ல எம் வாதம். அதனருகில் அவன் தெருவுக்கும் ஓரிடம் வேண்டும் என்பதே.

சற்றுத் தொலைவில், பெரம்பூரில், தலைமுறைகளுக்குச் சோறிட்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் தறிகளுக்குப் பொட்டிட்ட கைகளைப் பற்றி எத்தனை பிள்ளைகள் எழுதி வைத்தார்கள்? இருக்கும் பட்டறைகளையேனும் எழுதச் சொல்வோம், நண்பர்களே. “உன் தெருவில் உழைப்பை எவ்வாறு கொண்டாடுகிறார்கள்?” என்ற ஒரு வினா போதும்.