மந்திரப் புத்தகமும் மலையகப் பிள்ளைகளும்

2001ஆம் ஆண்டில் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ‘மந்திரப் புத்தகம்’ என்ற பெயரால் விவரித்த சாதனம், அச்சிட்ட ஏட்டின்மீது முப்பரிமாண உருவங்களை எழுப்பிக் காட்டியது. இன்று சாதாரணக் கைத்தொலைபேசியே அவ்விந்தையை நிகழ்த்தும் நிலையில், இவ்வாறு ஏட்டின்மீது உருவங்களைத் தோற்றுவிக்கும் ‘மிகை மெய்ம்மை’ நூல்கள் பிள்ளைகளை வாசிப்பின்பால் ஈர்க்கும் என்ற நம்பிக்கை பரவிவருகிறது.

அந்நம்பிக்கையை நான் நிராகரிக்கவில்லை. ஆயினும், உருவம் எழுந்து நடமாடுவதைக் காண்பதால் உண்டாகும் ஆச்சரியம் ஒன்று; ஒரு வாக்கியத்தைத் தானே படித்து அதன் அர்த்தத்தை உணர்ந்ததனால் அடுத்த வாக்கியத்தை நாடும் ஆவல் வேறொன்று. முன்னது பின்னதற்கு வாயிலாகலாமேயன்றி, அதற்கு ஈடாகாது.

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகளில், கொழுந்து பறித்துத் திரும்பும் தாயின் ஒரே கைத்தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிரும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு மேலும் முக்கியமானது. 2020இல் கொவிட் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடங்களுக்கான சமிக்ஞையைத் தேடி மலையகப் பிள்ளைகள் மேடுகளில் ஏறிய அவலத்தை நாம் மறத்தலாகாது.

ஆகவே, முதலில் ஒவ்வொரு தோட்டப் பாடசாலை வகுப்பிலும் நல்ல தமிழ்ச் சித்திர நூல்கள் நிறைந்த அலுமாரியும், நாள்தோறும் ஆசிரியர் உரக்க வாசிக்கும் அரைமணி நேரமும் அமைதல் வேண்டும். 2015 முதல் இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் இலவசமாக வழங்கும் தமிழ்க் கதைகளை அச்சிட்டும் பயன்படுத்தலாம். அதன்பின் மிகை மெய்ம்மை நூல் வருமாயின், அது மலையக வாழ்வையே பொருளாகக் கொண்டு, வகுப்புக்குப் பொதுவான கருவியோடு வரட்டும். வறுமையின் காரணமாக எந்தக் குழந்தைக்கும் வாசிப்பின் இன்பம் மறுக்கப்படாதிருக்கச் செய்வது கல்வி அதிகாரிகளின் தலையாய தர்மமாகும்.