வளைந்த சுவரும் அப்பாவின் ஜன்னலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, கிள்ளானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். பசியாறத் தோசை இருக்கும் என்று நம்பிப் போனால், சாப்பாட்டு மேசை முழுக்கத் தம்பியின் மடிக்கணினியும் காகிதங்களும்தான். அம்மா ஓரமாக உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வானொலியில் மூன்று விநாடி அமைதி வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இது மூன்று மணி நேர அமைதி போலத் தெரிந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு ஜன்னல்.

எங்கள் வீடு கோர்னர் லாட். பக்கவாட்டில் இருக்கும் காலி இடத்தில் அம்மாவுக்கு ஒரு சாமி அறை கட்டப்போகிறோம். தம்பி கட்டட வரைவாளர், அவனே படம் போடுகிறான். கிழக்குச் சுவரை வில் மாதிரி வளைத்து வெளியே தள்ளியிருந்தான். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சுவரில்தான் அப்பாவின் ஜன்னல் வர வேண்டும் என்கிறார் அம்மா.

அப்பாவின் ஜன்னல் என்றால், பழைய கடைவீடு ஒன்றை இடித்தபோது அவர் விலைக்கு வாங்கி வந்த மரச்சட்டம். நான்கு அடி அகலம், மேலே அரைவட்டம், அதில் வண்ணக் கண்ணாடி. "ஒருநாள் சாமி அறை கட்டும்போது வைக்கலாம்" என்று சொல்லிப் பின்கட்டில் படுதா போட்டு மூடி வைத்தார். அந்த நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

"படத்துல உட்கார மாட்டேங்குதுக்கா" என்றான் தம்பி.

அவன் வேலை செய்வது ஸ்கெட்ச்அப் மென்பொருளில். நேர்ச் சுவர் என்றால் ஜன்னலைக் கொண்டுபோய் ஒட்டினாலே திறப்பு தானாக விழும். வளைந்த சுவரில் அப்படி இல்லை. திரையில் வழவழப்பாகத் தெரியும் அந்த வளைவு, உண்மையில் சிறுசிறு தட்டைத் துண்டுகளை வரிசையாக நிறுத்தியது. நாமாக மாற்றாவிட்டால் ஒரு வில்லுக்கு 12 துண்டு. எங்கள் சுவரில் ஒரு துண்டு சுமார் 36 சென்டிமீட்டர். ஜன்னலோ 120 சென்டிமீட்டர். அதை எந்தத் துண்டில் ஒட்டுவது?

இதற்கு வழி இருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி வளைவை மென்மையாக்க வேண்டும். பிறகு சுவருக்கு முன்னால் காற்றில் ஒரு தட்டையான தளத்தில் ஜன்னலின் உருவத்தை வரைந்து, அதைக் கட்டியாக நீட்டிச் சுவரின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் போடச் சொல்லி, உள்ளே இருப்பதை அழித்தால் திறப்பு தயார். முறுக்கு அச்சு மாதிரிதான். தம்பி இதை என் கண்முன்னே இரண்டு நிமிடத்தில் செய்து காட்டினான்.

"அதான் வந்துடுச்சே" என்றேன்.

"ஓட்டை வந்துடுச்சு. ஜன்னலை வச்சுப் பாருங்க."

வைத்தான். அப்போதுதான் பிரச்சினை புரிந்தது. சுவர் வளைகிறது, சட்டம் வளையாது. குண்டானின் மேல் அடிக்கோலை வைத்தால் நடுவில் தொடும், இரண்டு முனையிலும் இடைவெளி விடும் அல்லவா? எங்கள் வளைவின் ஆரம் 3 மீட்டர். 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு அந்த இடைவெளி 6 சென்டிமீட்டர். அதுவும் எல்லா உயரத்திலும் ஒன்றாக இல்லை. அடியில் முழுதாக 6, மேலே அரைவட்டம் குறுகக் குறுக இடைவெளியும் குறைந்து, உச்சியில் ஒன்றுமில்லை. சுவரின் தடிமன் 11.5 சென்டிமீட்டர்தான். அப்பாவின் சட்டமோ 10 சென்டிமீட்டர் கனம். எப்படி வைத்தாலும் உள்ளேயோ வெளியேயோ துருத்திக்கொண்டு நின்றது.

தம்பி சொன்ன மாற்று வழி, 40 சென்டிமீட்டரில் மூன்று அலுமினிய ஜன்னல்கள். அகலம் மூன்றில் ஒன்றானால் இடைவெளி ஒன்பதில் ஒன்றாகிவிடுமாம். ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு, பூச்சிலேயே மறைந்துவிடும். கணக்குப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. அதைக் கேட்டுத்தான் அம்மா பூக்கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போயிருக்கிறார். வளைவின் ஆரத்தைக் கூட்டலாம் என்றால் அறையின் அமைப்பே மாறுகிறது. வளைந்த கண்ணாடி செய்யலாம் என்றால், விலை ஒருபக்கம் இருக்கட்டும், அது அப்பாவின் ஜன்னல் இல்லை.

எனக்கு டத்தாரான் மெர்டேக்கா ஞாபகம் வந்தது. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் மணிக்கூண்டுக்கு இரண்டு பக்கமும் சுழல் படிக்கட்டுக்காக வட்டக் கோபுரங்கள் நிற்கின்றனவே, அந்த வட்டச் சுவரிலும் வளைவுத் திறப்புகள் உண்டே. 1897இல் கட்டி முடித்தது. "கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல அவங்க எப்படிடா செஞ்சாங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அப்போ சுவரே தடிமனா இருக்கும்க்கா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். சுட்டியை எடுத்தான். ஜன்னல் வரும் பகுதியில் மட்டும் சுவரை வெளிப்பக்கமாக ஒரு முழுச் செங்கல் அளவுக்கு, 23 சென்டிமீட்டருக்கு மாற்றினான். 6 போனாலும் 17 மிச்சம். சட்டம் உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு பக்கமும் துருத்தவில்லை. வெளியே பார்த்தால் ஜன்னலைச் சுற்றி ஒரு கனமான பட்டை, கோயில் மாடம் போல.

அம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேய்யா" என்றார். தம்பி என்னை முறைத்தான். சுவரின் எடை கூடுவதால் கீழே பீமை அகலப்படுத்த வேண்டும், பொறியாளரைக் கேட்க வேண்டும், செலவு கூடும் என்று அவன் அடுக்கியதை அம்மா காதில் வாங்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விட்டார்.

வரைபடம் இப்போது மாநகர் மன்றத்தில் இருக்கிறது. நேற்று தொலைபேசியில் அழைத்தபோது அம்மா பின்கட்டில் இருந்தார். சட்டத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாராம். வண்ணக் கண்ணாடியில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் உடைந்திருக்கிறது, அதே பச்சை எங்கே கிடைக்கும் என்று நிகழ்ச்சியில் நேயர்களைக் கேட்கச் சொல்கிறார்.