வெட்கம் உயிரினும் பெரிதோ?

மலத்துடன் குருதி வெளியேறக் கண்டும், வைத்தியரிடம் உரைக்க நாணி, "உடற்சூடுதான், மோர் குடித்தால் ஆறிவிடும்" என்று மாதக்கணக்கில் மறைத்து வைப்போர் நம்மிடையே பலர். இம்மௌனம் நோயினும் கொடிது.

சிவந்த குருதி பெரும்பாலும் மூலத்தாலோ ஆசனவாய் வெடிப்பாலோ வருவதே. ஆயினும் பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே தலைகாட்டும். இவற்றை வேறு பிரித்தறிதல் நோயாளிக்கு இயலாது. சோதிக்கும் வைத்தியருக்கே இயலும். சில வாரங்களாக மலப்போக்கு மாறுதல், காரணமின்றி மெலிதல், சோகை, 50 வயதைக் கடந்தமை, குடும்பத்தில் இந்நோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்றேனும் சேருமாயின் தாமதம் தகாது. தாரைப்போற் கறுத்த மலமோ, நில்லாத குருதியோ, மயக்கமோ காணின் அக்கணமே வைத்தியசாலையை நாடல் வேண்டும்.

தொடக்கத்திற் கண்டுபிடிப்பின் இப்புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும். குடலில் எழும் சிறு முளைகளை, அவை புற்றாக மாறுமுன்னரே உள்நோக்குக் கருவியால் அகற்றிவிடலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை இந்நாட்டு மக்களுக்கு உண்டு. அவ்வுரிமையைக் கைக்கொள்ளாது வெட்கத்தால் மடிதல் பேதைமை. அச்சோதனை பட்டினங்களோடு நின்றுவிடாது நாட்டுப்புறத்தாரையும் எட்டச் செய்தல் ஆட்சியாளர் கடன். வாய் திறந்து கேட்பது நம் கடன்.