பட்டாளத்துக்காரருக்கு வாட்ச்மேன் வேலைதானா?

என் அண்ணன் 17 ஆண்டுகள் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஓய்வு பெற்று வந்த முதல் மாதமே ஊர்த்தெருவைச் சேர்ந்த மில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "நம்ம மில்லு கேட்டுக்கு வாட்ச்மேனா வந்துருப்பா. பட்டாளத்துக்காரன் நின்னா திருட்டுப் பயம் இருக்காது" என்றார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். அவருக்கு அண்ணனின் சீருடை தெரிந்தது, எங்கள் காலனி தெரிந்தது. கையில் இருந்த தொழில் மட்டும் தெரியவில்லை.

அண்ணனுக்கு லைன்மேன் ஆக வேண்டும். மின்வேலை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் போனார். "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டினார். "அப்ப கம்பம் நடுற ஆளுங்களோட கயிறு இழுக்கப் போங்க" என்று பதில் வந்தது.

அடுத்து நடந்ததுதான் எங்கள் தவறு. 'மூன்றே மாதத்தில் டிப்ளமோ, மின்வாரிய வேலைக்கு வழிகாட்டல்' என்று விளம்பரம் செய்த தனியார் நிறுவனம் ஒன்றில் 38,000 ரூபாய் கட்டினார். தங்க நிற முத்திரையுடன் சான்றிதழ் வந்தது. எந்த வேலை அறிவிக்கையிலும் அந்தப் படிப்பின் பெயர் இல்லை. ஆவணங்களைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நான், பணம் கட்டும் முன் ஒரே ஓர் அறிவிக்கையைப் படித்துப் பார்த்திருக்கலாம். ஆய்வேட்டில் மூழ்கிக் கிடந்தேன்.

பிறகு உட்கார்ந்து படித்தோம். தெரிந்துகொண்டது எளிமையானது: சட்டமோ வேலை அறிவிக்கையோ பெயர் சொல்லிக் கேட்கும் சான்றிதழ்தான் சான்றிதழ். மற்றவை சுவரில் மாட்டத்தான்.

முதலாவது, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் பெறும் தேசியத் தொழிற்சான்றிதழ். 2019-இல் மின்வாரியம் கேங்மேன் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது ஐந்தாம் வகுப்பும் கம்பம் ஏறும் உடலும் போதுமாக இருந்தன. 2025-இல் கள உதவியாளர் பணிக்குத் தேர்வாணையம் ஐ.டி.ஐ. கேட்டது. ஆறே ஆண்டுகளில் வாசல் உடலிலிருந்து காகிதத்துக்கு நகர்ந்துவிட்டது. இரண்டாவது, 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி பெறும் தேசியப் பழகுநர் சான்றிதழ். மூன்றாவது, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், உச்ச வரம்பு கிடையாது. ஆனால் வயரிங் வேலையில் ஐந்தாண்டு செய்முறை அனுபவத்தை எழுத்தில் காட்ட வேண்டும். நாற்பதை நெருங்கி வெளியே வருபவர்களுக்குப் பொருத்தமான வழி இதுதான்.

படையில் இருக்கும் தோழர்கள் இதை வீட்டுக்கு வந்தபின் தேடக்கூடாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்ககம் ஓய்வுக்கு முன்பே பயிற்சிகள் தருகிறது. அதில் மின்தொழில் பயிற்சியைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வேலை, எத்தனை வோல்ட் என்று அனுபவத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ட்ரேடு பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் பதியுங்கள்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். காகிதம் இல்லாமல் மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் யார் என்று உங்கள் ஊரில் விசாரியுங்கள். புயல் அடித்த மறுநாள் கம்பத்தைத் தோளில் சுமப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? ஒப்பந்ததாரர் உரிமம் யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது? 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஒப்பந்ததாரரின் ஆளுக்கு விபத்து நேர்ந்தால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியையும் பொறுப்பாக்கியது. நடப்பில், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் விழுந்தால் "அவன் எங்க ஆளே இல்ல" என்ற ஒரு வாக்கியம் போதும். திறமைக்குச் சான்று கேட்கும் சமூகம், மலம் அள்ளவும் பிணம் எரிக்கவும் சான்று கேட்பதில்லை. அங்கே பிறப்பே சான்றிதழ்.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், படைப் பள்ளியில் ஆசிரியர். ஓய்வுக்குப் பின் அவர் கோரேகானில் காசாளராக வேலை பார்த்தார். 1901-இல் அவரைப் பார்க்க ரயிலேறிப் போன பிள்ளைகளுக்கு, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டியும் மறுக்கப்பட்டது, தண்ணீரும் மறுக்கப்பட்டது. தந்தையின் சுபேதார் பட்டம் பிள்ளைகளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை. அவருக்குப் பிழைப்பைத் தந்தது படை கொடுத்த எழுத்தறிவு. சீருடையைக் கழற்றிய பின்னும் கூட வருவது அதுதான்.

இன்று அதையும் சுருக்கிவிட்டார்கள். அக்னிபாத் திட்டத்தில் 2022 இறுதியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்தான் நிலைப்பார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. அவர்களில் ஒருவர் நான்காண்டும் மின்வேலையே செய்திருந்தாலும் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு கேட்கும் ஐந்தாண்டுக்கு ஓராண்டு குறையும். சொத்தும் சொந்தத் தொழிலும் உள்ள வீட்டுப் பையன் அந்த ஓராண்டைத் தாங்குவான். காலனிப் பையன் மில் கேட்டுக்குப் போவான்.

எனவே நமது கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். படையில் கற்ற தொழிலுக்கு, பணியிலிருந்து விடுவிக்கும் நாளிலேயே, மாநில மின் உரிம வாரியங்கள் ஏற்கும் சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அரசுடையது, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆய்வு மாணவர் இருக்கமாட்டார்.

அண்ணன் இப்போது தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மில் முதலாளி மறுபடியும் சொல்லி அனுப்பினார், மோட்டார் ஓடவில்லையாம், வந்து பார்க்க வேண்டுமாம். "போறேன், ஆனா கூலி எவ்வளவுன்னு முதல்ல கேளு" என்றார் அண்ணன்.